பள்ளியில் பேசாத மகள், வீட்டில் பேச ஆளில்லாத அம்மா

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பிள்ளையோடு வெளிநாட்டு நகரம் ஒன்றில் புதிதாகக் குடியேறியவர்கள் எழுதியவை. அதனால் பக்கம் முழுவதும் அவர்களுக்கே.

கேள்வி: வேலை மாற்றலாகி, ஏழு வயது மகளோடு வெளிநாட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. கணவருக்கு இன்னும் விசா கிடைக்கவில்லை, இங்கே நாங்கள் இரண்டு பேர்தான். மகள் அழாமல் பள்ளிக்குப் போகிறாள், ஆனால் அங்கே ஒரு வார்த்தை பேசுவதில்லை, தலையை மட்டும் ஆட்டுகிறாள் என்று டீச்சர் சொல்கிறார். வீட்டுக்கு வந்தால் வாய் ஓயாது. "வீட்டிலும் இந்த ஊர் மொழியிலேயே பேசுங்கள், சீக்கிரம் வந்துவிடும்" என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். தமிழை நிறுத்திவிடலாமா? எனக்கும் இங்கே யாரையும் தெரியாது, எல்லாவற்றையும் அவளிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தமிழை நிறுத்தாதீர்கள். அதற்கு முன்னால் அவள் பேசாமல் இருப்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உங்கள் பயம் அங்கேதான் இருக்கிறது. புது மொழிக்குள் போகிற சின்னப் பிள்ளைகள் பலர் கொஞ்ச காலம் வாயே திறக்க மாட்டார்கள். மொழி கற்றலை ஆராய்கிறவர்கள் இதை மௌனக் காலம் என்றே சொல்கிறார்கள். சிலருக்குச் சில வாரம், சிலருக்கு மாதக்கணக்கில் போகும், அபூர்வமாக ஒரு வருஷம்கூட ஆகலாம். அந்த நேரத்தில் பிள்ளை சும்மா இருப்பதில்லை. எந்தச் சொல்லுக்கு எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், டீச்சர் கோபமாக இருக்கும்போது என்ன சொல்கிறார் என்று எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டேதான் இருக்கும். உங்கள் மகள் தலையாவது ஆட்டுகிறாளே, டீச்சரை அவள் ஒதுக்கிவிடவில்லை.

எப்போது கவலைப்பட வேண்டும் என்றால், ஊரில் இருந்தபோதே வெளி ஆட்களிடம் பேசாமல் இருந்தாளா, இப்போதும் தமிழ் பேசுகிறவர் யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்களிடம்கூட வாய் திறப்பதில்லையா, விளையாட்டில் சேராமல் ஓரமாகவே நிற்கிறாளா என்று பாருங்கள். ஆமாம் என்றால் குழந்தைகள் மனநல மருத்துவரையோ பேச்சுப் பயிற்சி நிபுணரையோ பார்ப்பது நல்லது. வீட்டில் நன்றாகப் பேசிவிட்டு வெளியே சில இடங்களில் மட்டும் பேச முடியாமல் போகிற பதற்றப் பிரச்சினை ஒன்று உண்டு. ஆனால் பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தை மட்டும் வைத்து மருத்துவர்கள் அதை முடிவு செய்ய மாட்டார்கள், மொழி தெரியாததால் பேசாத பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்கவும் மாட்டார்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? "இன்னைக்காவது பேசினியா?" என்று பள்ளி வாசலிலேயே கேட்காதீர்கள். டீச்சரிடமும் பேசினாளா என்று விசாரிப்பதை விட்டு, இடைவேளையில் யார் பக்கத்தில் இருக்கிறாள் என்று கேளுங்கள். ஒரே ஒரு பிள்ளையின் பெயர் கிடைத்தாலும் போதும், அந்தப் பிள்ளையின் அம்மாவிடமோ அப்பாவிடமோ பேசி, விடுமுறை நாளில் இரண்டு பேரையும் ஒன்றாகப் பூங்காவில் விளையாட விடுங்கள். வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வராத பேச்சு, ஊஞ்சலுக்குச் சண்டை போடும்போது வந்துவிடும்.

அப்புறம், அவளுக்கு உடனடியாகத் தேவைப்படுவது நாலைந்து வாக்கியம்தான். பாத்ரூம் போகணும், தண்ணி வேணும், வயிறு வலிக்குது, புரியலை. இவற்றைச் சின்ன அட்டைகளில் படமாக வரைந்து, பின்பக்கம் அந்த ஊர் மொழியில் எழுதி, பென்சில் பாக்ஸில் வைத்துவிடுங்கள். டீச்சரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். வாய் வராத நாளில் அவள் அட்டையை எடுத்து நீட்டிக்கொள்ளட்டும். பாத்ரூம் கேட்கத் தெரியாமல் மாலை வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு எந்தப் பாடமும் ஏறாது. பெரியவர்களுக்கு இது தோன்றுவதே இல்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இனி தமிழ். கனடாவைச் சேர்ந்த மொழிக் கல்வி அறிஞர் ஜிம் கம்மின்ஸ், பிள்ளைகளின் மொழியில் இரண்டு வகை இருப்பதாக 1979இல் எழுதினார். ஒன்று விளையாடும்போதும் அரட்டை அடிக்கும்போதும் பேசுவது, இன்னொன்று பாடம் படிக்கத் தேவைப்படும் மொழி. குடியேறிய பிள்ளைகளைப் பார்த்ததில் முதலாவது வருவதற்கு ஏறக்குறைய இரண்டு வருஷமும், இரண்டாவதில் அந்த ஊர்ப் பிள்ளைகளை எட்டிப் பிடிக்க ஐந்திலிருந்து ஏழு வருஷமும் ஆகிறது. ஆகவே அடுத்த வருஷம் அவள் மடமடவென்று பேசும்போது எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், பாடத்தில் உதவி அப்போதும் வேண்டியிருக்கும். கம்மின்ஸ் சொல்லும் இன்னொரு விஷயம் உங்களுக்கு ரொம்ப முக்கியம். ஒரு மொழியில் கற்ற திறமை மற்றதற்கும் போய்ச் சேரும். ஒரு கதையை முன்பின் மாறாமல் சொல்வது, ஏன் எதற்கு என்று விளக்குவது, படித்ததன் சாரத்தைப் பிடிப்பது எல்லாவற்றையும் தமிழில் பழகிக்கொண்டால் புது மொழியில் அதற்கான சொற்களை மட்டும் சேர்த்தால் போதும். நீங்களே தட்டுத் தடுமாறிப் பேசுகிற ஒரு மொழியில் அவளைச் சமாதானப்படுத்தவும் முடியாது, கண்டிக்கவும் முடியாது. அந்த மொழியைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். இரண்டையும் கலந்து பேசினாலும் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள், இரு மொழிப் பிள்ளைகள் எல்லோரும் கலக்கத்தான் செய்வார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது கடைசி வரிதான். எல்லாவற்றையும் மகளிடம்தான் பேசுகிறேன் என்கிறீர்கள். ஆபீஸில் நடந்தது, வாடகை, விசா எப்போது வரும் என்ற கவலை எல்லாம் ஏழு வயதுப் பிள்ளையின் காதில் விழுகிறது. அது கேட்டுக்கொள்ளும், ஆறுதல்கூட சொல்லும். ஆனால் வகுப்பில் யாராவது கேலி செய்தால், அம்மாவுக்கு ஏற்கெனவே நிறையக் கஷ்டம் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிடும். அவள் பள்ளியில் பேச வேண்டும் என்று நீங்கள் ஏங்குகிற அளவுக்கு, உங்களுக்கும் பேச ஒரு பெரியவர் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பள்ளி வாசலில் தினமும் அதே நேரத்துக்கு வந்து நிற்கிற பெற்றோர் இருப்பார்கள், பொது நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் நேரம் இருக்கும், புதிதாக வந்தவர்களுக்கான மொழி வகுப்பு இருக்கும். அவர்கள் தமிழராக இருக்க வேண்டும் என்று இல்லை. கணவரோடு பேசுவதைக்கூட, மகள் தூங்கிய பிறகு ஒரு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளும் சேர்ந்து பேச வேறு நேரம் இருக்கட்டும்.

கேள்வி: மகனுக்கு வயது 12. வந்த ஒன்றரை வருஷத்தில் மொழியை அருமையாகப் பிடித்துக்கொண்டான். எனக்கு இன்னும் வரவில்லை. பேங்க், ஆஸ்பத்திரி, வீட்டுக்காரர் என்று எல்லா இடத்துக்கும் அவனைத்தான் கூட்டிப்போகிறேன். கொஞ்ச நாளாக எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். "உனக்கு ஒன்னும் தெரியாதுப்பா" என்கிறான். மனசு வலிக்கிறது.
- ஒரு தகப்பன்

பதில்: உங்கள் வலி புரிகிறது, ஆனால் அவன் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. கடையில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்டுச் சொல்வதில் தப்பில்லை, பிள்ளைகளுக்கு அதில் பெருமைகூட உண்டு. ஆஸ்பத்திரியும் பணமும் வேறு. அப்பாவின் நெஞ்சு வலியைப் பற்றி டாக்டர் சொல்வதைப் பன்னிரண்டு வயதுப் பையன் முதலில் தான் தாங்கிக்கொண்டு, பிறகு உங்களுக்குச் சொல்ல வேண்டும். பாதி மருத்துவச் சொல் அவனுக்கே தெரியாது. மருந்தின் அளவு மாறிப்போனால்? அமெரிக்காவில் இதனாலேயே, அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் அவசர நேரம் தவிர சிறுவர்களை மொழிபெயர்க்க நம்பக் கூடாது என்று 2016இல் விதியே கொண்டுவந்தார்கள். வேறு பல நாடுகளிலும் அரசு மருத்துவமனைகளும் பள்ளிகளும் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்கின்றன, போனிலேயே பேசி உதவுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே "தமிழ் தெரிந்தவர் வேண்டும்" என்று கேட்டுவிடுங்கள். கேட்காதவருக்குத் தாங்களாக வந்து சொல்ல மாட்டார்கள். அவனுடைய டீச்சரைச் சந்திக்கப் போகும்போது மட்டும் எந்தக் காரணம் கொண்டும் அவனை மொழிபெயர்க்க விடாதீர்கள், தன் மீதான குறையைத் தானே தன் அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய நிலை எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம்.

நீங்களும் ஒரு மொழி வகுப்பில் சேருங்கள். அவனை வைத்துக்கொண்டே பஸ் டிரைவரிடம் தப்பும் தவறுமாக நீங்களே கேளுங்கள். டிரைவருக்குப் புரியாமல் போகும், இரண்டாவது தடவை வேறு மாதிரி சொல்லிப் பாருங்கள். அப்பா தப்பாகப் பேசினார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, வேலை நடந்துவிட்டது என்று அவன் கண்ணால் பார்க்கட்டும். இதுவரை வெளியுலகத்தைச் சமாளிக்கிற பொறுப்பெல்லாம் தன் தலையில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், அது இறங்கினால் எரிச்சலும் தானாக இறங்கும்.

கேள்வி: அடுத்த மாதம் மகனோடு தனியாகக் கிளம்புகிறேன். என்னென்ன பேப்பர்கள் வேண்டும்?

பதில்: பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை. தடுப்பூசி விவரம் இல்லாமல் சேர்க்கத் தயங்கும் பள்ளிகள் உண்டு, அதனால் பழைய டாக்டரிடம் ஒரு பிரதி வாங்கி வையுங்கள். போகிற நாடு 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இருந்தால் சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது அதில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று அரசு உறுதி செய்து தருவது, கேட்கலாம். சான்றிதழ் கொடுத்த நாட்டில்தான் அதைப் போட முடியும் என்பதால் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அப்பா அம்மா இருவரில் ஒருவர் மட்டும் பிள்ளையோடு போகும்போது மற்றவரின் சம்மதக் கடிதம் எல்லையில் கேட்கப்படலாம், நோட்டரி கையெழுத்தோடு கைப்பையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: வந்த புதிதில் மகள் (14) குதித்துக்கொண்டிருந்தாள். இப்போது தினமும் "திரும்பிப் போயிடலாம்மா" என்கிறாள். எப்போது பழகும்?

பதில்: மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960இல் எழுதிய கட்டுரையில் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார். முதலில் எல்லாம் பிரமிப்பு, அப்புறம் எல்லாவற்றின் மீதும் வெறுப்பு, பிறகு மெல்லத் தேறுவது. எல்லோரும் இதே வரிசையில் போவதில்லை, பலருக்கு முதல் வாரங்களே மோசமாக இருப்பதாகப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அதனால் நாள் குறிக்க முடியாது. பதினாலு வயதில் சிநேகிதிகள்தான் உலகம், அந்த உலகத்தை அவளைக் கேட்காமல் நாம் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறோம். "போகப் போகச் சரியாயிடும்" என்று வாயை அடைக்காமல், "உனக்கு அவங்களை ரொம்பத் தேடுது இல்ல?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், அவளே பேசுவாள். பழைய சிநேகிதிகளோடு போன் பேசுவதைத் தடுக்க வேண்டாம். அடுத்த வருஷம் திரும்பிவிடலாம் என்று பொய்யாக வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். அவள் அறையை எப்படி வைப்பது, பள்ளிக்குப் பிறகு எந்த விளையாட்டில் சேர்வது, வார இறுதியில் எங்கே போவது என்பதையெல்லாம் அவளே முடிவு செய்யட்டும். பல வாரம் தொடர்ந்து தூக்கமோ சாப்பாடோ கெட்டுப்போனால், பிடித்த எதையும் செய்யாமல் முடங்கிக் கிடந்தால், தானே சரியாகும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.