ஆகஸ்ட் 13: கொடுத்தவரின் நாளா, பெண்களின் நாளா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

துனீசியாவில் ஆகஸ்ட் 13 தேசியப் பெண்கள் நாள், அரசு விடுமுறை என்றும், 1956-ல் வந்த குடும்பச் சட்டத்தைக் கொண்டாடும் நாள் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ஹபீப் பூர்கிபா முப்பது வருடம் யாரையும் எதிர்க்கவிடாமல் ஆண்டவர். மேலே இருக்கும் ஒருவர் மனமிரங்கிக் கொடுத்ததை உரிமை என்று எப்படிச் சொல்வது? வருடத்துக்கு ஒருமுறை அவருக்கு நன்றி சொல்லும் நாள்தானே அது?

ர., தஞ்சாவூர்

அன்புள்ள ர.,

பூர்கிபா பற்றி நீங்கள் சொல்வது சரி. 1975-ல் தன்னை ஆயுட்கால அதிபராக ஆக்கிக்கொண்டவர் அவர். சட்டம் மேலிருந்து வந்தது என்பதும் உண்மை. 1956 மார்ச் 20-ல் பிரான்ஸிடமிருந்து சுதந்திரம் கிடைத்தது. ஐந்து மாதம் முடிவதற்குள் சட்டம் வந்துவிட்டது. அப்போது மன்னராட்சி. முகம்மது அல்-அமீன் பே அரியணையில் இருந்தார், பூர்கிபா பிரதமர். மன்னரின் ஆணையாகத்தான் அது வெளியானது. பெண்களுக்கு அன்று ஓட்டுரிமைகூடக் கிடையாது.

ஆனால் பூர்கிபா அதை வெறுங்கையிலிருந்து எடுக்கவில்லை. 1930-லேயே தாஹர் ஹத்தாத் என்ற இளைஞர், ஜைத்தூனா மசூதிக் கல்வி நிலையத்தில் படித்தவர், தொழிற்சங்கக்காரர், இதையெல்லாம் நூலாக எழுதிவிட்டார். பலதார மணம் வேண்டாம், விவாகரத்து நீதிமன்றத்தில்தான் நடக்க வேண்டும் என்று மார்க்கத்துக்குள் நின்றே வாதாடினார். ஜைத்தூனா பெரியவர்கள் அவரைக் கண்டித்து ஒதுக்கினார்கள். 1935-ல், நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். எனக்கு அந்த நாளின் நாயகன் அவர்தான்.

சட்டம் செய்ததையும் சின்னதாக எண்ண முடியாது. முதல் மனைவி இருக்கும்போது இன்னொரு கல்யாணம் செய்தால் சிறை. கணவன் வாயால் சொல்லி மனைவியை விலக்கிவைப்பது செல்லாது. நீதிமன்றத்துக்கு வெளியே விவாகரத்தே கிடையாது, மனைவியும் கேட்கலாம். பெண்ணின் சம்மதம் இல்லாமல் கல்யாணம் இல்லை. வீட்டைவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பப்படும் பயம் ஒரு பெண்ணுக்கு நீங்குகிறது என்றால், கையெழுத்துப் போட்டவர் யார் என்பது அவளுக்கு இரண்டாம் பட்சம். அப்புறம், 1956-ல் எழுதியதோடு அது நின்றுவிடவும் இல்லை. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற விதியை 1993-ல் நீக்கினார்கள்.

உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய நேரடியான பதில் 2012. 2011 புரட்சிக்குப் பிறகு புதிய அரசியல் சட்டம் எழுதும்போது, குடும்பத்துக்குள் பெண் ஆணுக்குத் துணைநிற்பவள் என்ற பொருளில் ஒரு வரியை வரைவில் சேர்த்தார்கள். அந்த ஆகஸ்ட் 13 ரமலான் மாதத்தில் வந்தது. நோன்பு திறந்த பிறகு, இரவில், ஆயிரக்கணக்கில் பெண்கள் தலைநகர் தூனிஸின் தெருக்களில் இறங்கினார்கள், ஆண்களும் கூடவே. வரி எடுக்கப்பட்டது. ஆணும் பெண்ணும் சமம் என்று 2014-ல் வந்த அரசியல் சட்டம் சொன்னது. பூர்கிபா இறந்து பன்னிரண்டு வருடம் ஆன பிறகு நடந்தது இது. அன்று அவர்கள் யாருக்கும் நன்றி சொல்லப் போகவில்லை.

இன்னும் வராதது சொத்து. ஒருவருக்கு ஒரே மகள், வேறு பிள்ளையோ மனைவியோ இல்லை, ஒரு தம்பி உண்டு என்று வையுங்கள். பழைய முறைப்படி பாதி மகளுக்கு, மீதிப் பாதி சித்தப்பாவுக்கு. 1959-ல் திருத்தினார்கள்: முழுவதும் மகளுக்கே. பெரிய மாற்றம் இது, அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் அந்த மகளுக்கு ஓர் அண்ணன் இருந்தால் கதை வேறு. அவனுக்கு இரண்டு பங்கு, இவளுக்கு ஒன்று. இன்றுவரை அப்படித்தான்.

2018 ஆகஸ்ட் 13 அன்று அதிபர் பெஜி காயித் எசெப்சி சமபங்குக்குச் சட்டம் கொண்டுவருவதாக அறிவித்தார். மறுவருடம் ஜூலையில் இறந்தார், மசோதா நிறைவேறவில்லை. 2020-ல் அதே ஆகஸ்ட் 13 உரையில் அடுத்த அதிபர் கைஸ் சையத் சமபங்கை ஏற்க மறுத்தார். பெண்கள் அமைப்புகள் கோரிக்கையைக் கைவிடவில்லை, கைவிடவும் கூடாது.