இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி-சி60 என்றால் 60-வது பி.எஸ்.எல்.வி ராக்கெட்டா?

இல்லை, 62-வது. 2024 டிசம்பர் 30 அன்று ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களைச் சுமந்து போன அந்த ராக்கெட்டுக்கு முன்பே 61 பி.எஸ்.எல்.வி-கள் ஏவப்பட்டிருந்தன.

1993 முதல் 1996 வரை ஏவப்பட்ட முதல் மூன்றும் மேம்பாட்டுப் பயணங்கள். அவற்றுக்கு டி1, டி2, டி3 என்று பெயர். 1997-இல் சி வரிசை மறுபடியும் 1-இலிருந்து தொடங்கியதால் மூன்றைக் கூட்ட வேண்டும். சி12-க்கு அடுத்து நேராக சி14 வந்தது, சி13 கிடையாது. அதற்காக ஒன்றைக் கழிக்க வேண்டும். ஆக, சி14 முதல் எந்த எண்ணோடும் 2 கூட்டினால் வரிசை எண் கிடைக்கும்.

ஆனால் எல்லா நேரமும் அப்படிக் கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல். பயணத்துக்கான எண் முன்கூட்டியே ஒதுக்கப்படுகிறது. ஏவும் தேதி முன்பின் ஆனாலும் எண் மாறாது. செவ்வாய்க்குப் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால் மங்கள்யானைச் சுமந்த சி25, 2013 நவம்பரிலேயே கிளம்பியாக வேண்டியிருந்தது. சி24 2014 ஏப்ரலிலும் சி23 ஜூனிலும்தான் போயின. நம் கணக்குப்படி சி25 27-வதாக இருக்க வேண்டும். உண்மையில் அது 25-வது. எண்ணும் வரிசையும் இங்கே ஒத்துப்போனது தற்செயல்தான்.

இஸ்ரோவின் இன்னொரு ராக்கெட் வகையான ஜி.எஸ்.எல்.வி-யில் குழப்பம் இன்னும் அதிகம். டி1, டி2, எஃப்01, எஃப்02, எஃப்04 என்று 2007 வரை போய்விட்டு, 2010 ஏப்ரலில் திரும்பவும் டி3! ரஷ்ய கிரையோஜெனிக் நிலைக்கு (மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் மேல் பகுதிக்கு) பதிலாக உள்நாட்டில் செய்தது முதன்முறையாகப் பொருத்தப்பட்டதால் அது மறுபடி மேம்பாட்டுப் பயணம் ஆனது. டி4, எஃப்03, எஃப்07, எஃப்13 பறக்கவே இல்லை. 2025 ஜனவரியில் போன எஃப்15, 17-வது ஜி.எஸ்.எல்.வி. இங்கே கூட்டல் கழித்தல் உதவாது, பட்டியலை வைத்து எண்ணுவதே வழி.

ஒரு ஏவுதலைப் பிழையில்லாமல் குறிப்பிட வேண்டுமென்றால் விண்ணில் ஏவப்படும் பொருள்களுக்குத் தரப்படும் சர்வதேச அடையாள எண்ணை எழுதுங்கள். மங்கள்யானுக்கு அது 2013-060ஏ: அந்த ஆண்டில் உலக அளவில் சுற்றுப்பாதையை எட்டிய 60-வது ஏவுதல், கடைசியில் உள்ள ஆங்கில எழுத்து ஏ என்பது அதில் முதல் பொருள். 1, 0 என்று படித்துவிடக் கூடாதென்று ஐ (I), ஓ (O) எழுத்துகளை மட்டும் விட்டுவிடுவார்கள். இதிலும் ஒரு குறை உண்டு. சுற்றுப்பாதையை எட்டாத ஏவுதலுக்கு இந்த எண் கிடைக்காது. 1993-இல் தோற்ற டி1-ஐ அதில் தேடினால் அகப்படாது.