காரின் பளபளப்பில் தெரியும் மரம்

கேள்வி: மெழுகிட்டுத் துடைத்த எங்கள் கறுப்பு அம்பாசிடரின் கதவில், எதிரே நிற்கும் வேப்பமரம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. படமெடுத்தால் மட்டும் ஏன் மங்கிவிடுகிறது?

பதில்: தங்கள் கேமரா மரத்தை விட்டுவிட்டு, கதவின் மேலுள்ள தூசியையும் கீறல்களையும் குவியப்படுத்தியிருக்க வேண்டும். தட்டையான பரப்பில் பிம்பம் பெயின்டின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. மரம் கதவுக்கு முன்னால் 5 மீட்டர் தள்ளி நின்றால், பிம்பம் கதவுக்குப் பின்னால் 5 மீட்டர் ஆழத்தில் இருக்கும். ஆகவே, கதவிலிருந்து 2 மீட்டர் தொலைவில் நிற்கும் தாங்கள் ஏறத்தாழ 7 மீட்டருக்குக் குவியத்தை அமைக்க வேண்டும். தானியங்கிக் குவியத்தை அணைத்துவிட்டுக் கையால் திருப்புவதே நம்பகமானது. வளைந்த பானெட்டில் நிலைமை வேறு: குவியாடியைப் போல அது பிம்பத்தைச் சுருக்கிப் பரப்புக்கு மிக அருகிலேயே நிறுத்திவிடுவதால், லென்ஸின் துளையை எஃப் 11 என்ற சிறிய அளவில் வைத்தால் மரமும் காரின் விளிம்பும் சேர்ந்தே தெளியும்.

கறுப்பு வண்ணம் தங்களுக்கு வாய்த்த நல்வாய்ப்பு என்றே சொல்வேன், ஏனெனில் அது தன் பங்குக்கு ஒளியைச் சிதறடித்துப் பிம்பத்தை வெளுக்கச் செய்வதில்லை. நேருக்கு நேர் பார்க்கையில் மேற்பூச்சு ஏறத்தாழ 4 சதவீத ஒளியையே திருப்பியனுப்புகிறது. பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கப் பார்க்க அந்த அளவு பன்மடங்காகும். பரப்புகளின் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியை லென்ஸில் பொருத்தியிருந்தால் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். தாங்கள் தேடும் பிம்பத்தையே அது அழித்துவிடக்கூடும்.