கன்னடம் படிக்க வராது. பெங்களூரில் லைசென்ஸ் எடுப்பது எப்படி?

கேள்வி: எனக்கு 43 வயது. சொந்த ஊர் திருப்பத்தூர்ப் பக்கம். பல வருஷமாக பெங்களூர் ராமமூர்த்தி நகரில் குடியிருக்கிறோம். ஸ்கூட்டர் ஓட்டப் பழகிவிட்டேன், லைசென்ஸ்தான் இல்லை. கன்னடம் பேசினால் புரியும், எழுத்து தெரியாது. ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆதாரில் இன்னும் ஊர் முகவரிதான் இருக்கிறது. தெரிந்த ஏஜென்ட் ஒருவர், “ஊர் அட்ரஸ்லயே எடுத்துடலாம்மா, தேர்வுக்கெல்லாம் நீங்க வரவே வேண்டாம்” என்கிறார். அப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் மொழியை நினைத்துப் பயப்படுகிறீர்கள். பெங்களூரில் லைசென்ஸ் எடுக்கப் போகும் தமிழர்களை உண்மையில் திருப்பி அனுப்புவது ஆதார் முகவரி, பெயருக்கு முன்னால் நிற்கும் இனிஷியல், கடைசியில் ஓட்டும் தேர்வில் போட வேண்டிய எட்டு. மொழி அதற்கெல்லாம் பிறகுதான். ஆகவே முதலில் ஆதாரைப் பார்ப்போம்.

எல்.எல்.ஆருக்கு, அதாவது ஓட்டிப் பழகுவதற்கான தற்காலிக லைசென்ஸுக்கு, அரசின் பரிவாஹன் இணையதளத்தின் சாரதி பகுதியில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார் வழியைத் தேர்ந்தெடுத்தால் பெயர், பிறந்த தேதி, படம், முகவரி எல்லாம் ஆதாரிலிருந்து நேரே வந்து விழும். அதைத் திருத்த முடியாது. முகவரியில் திருப்பத்தூர் இருந்தால் கர்நாடக விண்ணப்பம் அந்த இடத்திலேயே இழுபறியாகும். அதனால் விண்ணப்பத்தைத் தொடாமல் முதலில் ஆதார் முகவரியை மாற்றுங்கள். வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருந்தால் அதுவே ஆதாரம். ஒப்பந்தமும் கரன்ட் பில்லும் வேறொருவர் பெயரில் இருக்கிறது, உங்கள் பெயரில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. உங்கள் கணவரின் ஆதாரில் பெங்களூர் முகவரி இருந்தால், குடும்பத் தலைவர் என்ற முறையில் அவருடைய முகவரியையே உங்களுக்கும் கேட்கலாம். உறவைக் காட்ட ஓர் ஆவணம் வேண்டும். அவர் தன் ஆதார் கணக்கில் நுழைந்து 30 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும். மறந்துவிட்டால் விண்ணப்பம் ரத்தாகிவிடும், கட்டிய பணமும் போய்விடும். ஆதாரோடு இணைத்த கைபேசி எண் உங்கள் கையில் இருக்கும் எண்தானா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும்.

அடுத்தது பெயர். நம் ஆட்களுக்கென்றே உள்ள தொல்லை இது. ஆதாரில் ‘எஸ். மல்லிகா’, பான் கார்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரோடு, வங்கியில் கணவர் பெயரோடு என்று மூன்று விதமாக இருக்கும். லைசென்ஸில் ஆதாரில் உள்ளதுதான் வரும். இன்ஷூரன்ஸ் கிளெய்ம், பாஸ்போர்ட் என்று பிற்காலத்தில் எங்கே காட்டினாலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். எந்த வடிவம் உங்களுக்கு நிரந்தரம் என்று முடிவு செய்து, முகவரி மாற்றும்போதே அதையும் சரி செய்துகொள்ளுங்கள். லைசென்ஸ் வந்த பிறகு பெயர் திருத்துவது தனி அலைச்சல்.

40 வயதைத் தாண்டிவிட்டதால் உங்களுக்கு இன்னொரு காகிதமும் வேண்டும். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு ‘எனக்கு உடல்நிலை சரியாக இருக்கிறது’ என்று தாமே எழுதிக் கொடுக்கும் படிவம் 1 போதும். உங்களுக்கு டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ தேவை. பதிவு பெற்ற எம்.பி.பி.எஸ். டாக்டராக இருக்க வேண்டும். கையெழுத்து, முத்திரை, பதிவு எண் மூன்றும் தெளிவாக விழுந்திருக்க வேண்டும். பதிவு எண் மங்கலாக இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். கண்ணாடி போடுபவர் என்றால் போட்டுக்கொண்டே பரிசோதனைக்குப் போங்கள்.

இனி நீங்கள் பயப்படும் மொழித் தேர்வு. கர்நாடகத்தில் எல்.எல்.ஆர். தேர்வை கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். தமிழ் இருக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம். மொழியைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் கை தவறிக் கன்னடத்தை அழுத்திவிடாதீர்கள். கேள்வி ஒவ்வொன்றுக்கும் வினாடிக் கணக்கில்தான் நேரம். எழுத்துக் கூட்டி வாசிப்பவருக்கு அது குறைவுதான். ஆனாலும் பயப்பட வேண்டாம். கேள்விகளில் நல்ல பங்கு படம். சாலைக் குறியைக் காட்டி ‘இது என்ன’ என்று கேட்டு, கீழே நாலைந்து சொல்லில் விடைகள் தருவார்கள். 60 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி.

எனவே ஆங்கிலம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப வரும் இருபது, முப்பது சொற்களின் முகம் கண்ணுக்குப் பழகினால் போதும். ஓவர்டேக், பெடஸ்ட்ரியன், கிவ் வே, ப்ரொஹிபிடட், கம்பல்சரி, நேரோ, ஸ்டீப், ஹாரன், அஹெட், இன்டர்செக்‌ஷன் போன்றவை. ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் பெரிதாக எழுதி, பக்கத்தில் தமிழில் பொருளை எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். ‘நாட்’, ‘நோ’ இரண்டையும் தனியாகப் பாருங்கள். சொல் தெரிந்தும் அவற்றைக் கவனிக்காமல் தப்பாக அழுத்துகிறவர்கள் நிறைய.

குறிகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யாதீர்கள், வடிவத்தை வைத்துப் பிரியுங்கள். சிவப்பு ஓரமிட்ட வட்டம் என்றால் கூடாது. நீல வட்டத்துக்குள் அம்பு என்றால் அப்படித்தான் போயாக வேண்டும். சிவப்பு ஓர முக்கோணம் எச்சரிக்கை. நீலச் செவ்வகம் தகவல். எட்டு மூலை சிவப்புப் பலகை நின்றே ஆக வேண்டிய இடம், தலைகீழ் முக்கோணம் வழிவிட வேண்டிய இடம். அதிகம் பேரைக் குழப்புவது ஒரு ஜோடி: சிவப்பு ஓரமிட்ட நீல வட்டத்தில் ஒரே ஒரு சாய்கோடு என்றால் பார்க்கிங் கூடாது, இரண்டு கோடு பெருக்கல் குறியாகக் குறுக்கிட்டால் நிறுத்தவே கூடாது. குறுகிய சாலை, குறுகிய பாலம் என்ற இரண்டும் அப்படித்தான். படத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.

படமில்லாத கேள்விகள் சட்டம் வரையறுத்த சில விஷயங்களைச் சுற்றியே வரும். விபத்து நடந்தால் காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்து, போலீஸுக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆளில்லாத ரயில்வே கேட்டில் நிறுத்தி, இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டே கடக்க வேண்டும். சிக்னல் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு முதல் வழி. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ். குடித்திருக்கும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். சாரதி தளத்திலேயே மாதிரித் தேர்வு இருக்கிறது. அதைக் கைபேசியில் தினம் ஒரு முறை போடுங்கள். அசல் திரை எப்படி இருக்கும் என்பதும் பழகிவிடும்.

ஆதார் வழியில் போனால் இந்தத் தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம். முதலில் சாலைப் பாதுகாப்பு வீடியோ ஒன்றை முழுக்கப் பார்க்க வேண்டும். பிறகு கேமரா உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். பின்னால் பிள்ளை நடந்து போனால், கணவர் எட்டிப் பார்த்து விடை சொன்னால், நீங்கள் அடிக்கடி பக்கவாட்டில் பார்த்தால் தேர்வு அப்படியே நின்றுபோகும். சுவரைப் பின்னால் வைத்து, வெளிச்சம் முகத்தில் விழும்படி, கதவைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள். நெட் விட்டுவிட்டு வரும் இடமாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் எழுதும் வழியே மேல். உங்கள் பகுதிக்கு கே.ஆர். புரம், அதாவது கேஏ 53. தோற்றால் மறு தேர்வுக்கு 50 ரூபாய், அவ்வளவுதான்.

மத்திய விதிப்படி எல்.எல்.ஆருக்கு 150, தேர்வுக்கு 50. பிறகு ஓட்டும் தேர்வுக்கு 300, லைசென்ஸுக்கு 200. ஒரு வகை வண்டிக்கு இந்தக் கணக்கு. மாநிலத்தின் சேவைக் கட்டணம் மேலே சிறிது சேரும். ஏஜென்ட் கேட்கும் தொகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தமிழில்தான் எழுதுவேன் என்பவர்களுக்குச் சட்டப்படியே ஒரு வழி உண்டு. குடியிருக்கும் மாநிலத்திலோ தொழில் செய்யும் மாநிலத்திலோ மட்டுமல்ல, ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி இருக்கும் மாநிலத்திலும் விண்ணப்பிக்கலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். ஓசூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து உண்மையாகவே பயிற்சி எடுத்தால், தமிழ்நாட்டில், தமிழில் தேர்வு எழுதலாம். அந்த லைசென்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும். பெங்களூரில் ஓட்ட வேறொன்றும் வேண்டாம். ஆங்கில எழுத்தே தெரியாதவருக்கு இதைச் சொல்வேன். பொம்மனஹள்ளி, சந்தாபுரா பக்கம் இருப்பவர்களுக்கு ஓசூர் பஸ் தூரம்தான். ராமமூர்த்தி நகரிலிருந்து பயிற்சிக்கும் தேர்வுக்கும் போய்வருவதற்குள் அந்த முப்பது சொற்களையும் பழகிவிடலாம்.

ஏஜென்ட் சொல்வது இதல்ல. குடியில்லாத ஊரைக் குடியிருக்கும் ஊர் என்று காட்டுவதும், உங்கள் ஓ.டி.பி.யை வாங்கி வேறொருவர் தேர்வை முடிப்பதும் மோசடி. பொய் விவரம் தந்து வாங்கிய லைசென்ஸை ரத்து செய்ய அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அப்படி ஒரு லைசென்ஸோடு விபத்தில் மாட்டினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணத்தை உங்களிடம் திரும்பக் கேட்கும் நிலை வரலாம். வாட்ஸ்அப்பில் ‘பரிவாஹன்’ என்ற பெயரில் வரும் ஆப் கோப்பையும் திறக்காதீர்கள். வங்கிக் கணக்கைத் துடைக்க அனுப்புவது அது.

எல்.எல்.ஆர். கைக்கு வரும்வரை தெருவில் வண்டியை எடுக்காதீர்கள். வந்த பிறகும் முன்னும் பின்னும் எல் போர்டு வேண்டும்: 18 செ.மீ. சதுர வெள்ளைப் பலகை, 10 செ.மீ. உயரத்துக்குக் குறையாத சிவப்பு எழுத்து. பின்னால் உட்கார லைசென்ஸ் உள்ள, சொல்லிக் கொடுக்கும் ஆளுக்கு மட்டும்தான் இடம். பிள்ளையை ஸ்கூலில் விடும் வேலையெல்லாம் இப்போது கிடையாது. எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். 30 நாள் முடிந்த பிறகே ஓட்டும் தேர்வு. பெங்களூரில் ஸ்லாட் கிடைப்பது நிச்சயமில்லை என்பதால் 30 நாள் முடிந்ததுமே பதிவு செய்யுங்கள். ஒரு முறை தோற்றால் மறுபடி வர ஏழு நாள் இடைவெளி வேண்டுமே, அதற்கும் காலம் மிச்சம் இருக்க வேண்டும். மூன்று முறை தோற்றால் 60 நாள் காத்திருப்பதோடு பள்ளியில் திருத்தப் பயிற்சியும் எடுக்கச் சொல்லும் சட்டம்.

எட்டு போடுவதில் பெரும்பாலோர் தோற்பது வேகத்தால் அல்ல, வேகம் போதாததால். பயந்து ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டுவிடுவார்கள், வண்டி சாயும், கால் தரையில் படும். அத்தோடு முடிந்தது. ஆக்ஸிலேட்டரைச் சிறிதாக ஒரே அளவில் பிடித்துக்கொண்டு, இடது கை பிரேக்கை லேசாக உரசவிட்டு வேகத்தை அடக்குங்கள். 2019க்குப் பிறகு வந்த 125 சிசி வரையுள்ள பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இடது பிரேக் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். அதனால் அழுத்தக் கூடாது, தொட்டுக்கொண்டிருந்தால் போதும். திருப்பத்தில் வலது கை பிரேக்கைத் தொடவே வேண்டாம். கண் முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது. அடுத்து எங்கே திரும்பப் போகிறீர்களோ அங்கே கழுத்தைத் திருப்பிப் பாருங்கள், வண்டி அங்கே போகும். காலி மைதானத்தில் இரண்டு செங்கற்களை 6 மீட்டர் இடைவெளியில் வைத்துச் சுற்றுங்கள். நிற்காமல் பத்துச் சுற்று வந்ததும் 5 மீட்டராகக் குறையுங்கள்.

சென்சார் பதித்த டிராக்கில் கால் ஊன்றுவதும் கோட்டைத் தொடுவதும் தானாகப் பதிவாகும். மற்ற இடங்களில் பிரேக் இன்ஸ்பெக்டர் நின்று பார்ப்பார். அவர் கன்னடத்தில்தான் சொல்வார்: “எடக்கெ, பலக்கெ, நில்லிசி, சிக்னல் தோரிசி.” இது உங்களுக்குப் புரியும். கிளம்பும் முன் கண்ணாடியைச் சரி செய்வது, திரும்பிப் பார்ப்பது, இண்டிகேட்டர் போட்டு அதை அணைப்பது எல்லாவற்றையும் அவர் கவனிப்பார். ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட்டைக் கொக்கி மாட்டிப் போடுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ நல்லது. சுடிதார் துப்பட்டாவைக் கட்டிவிடுங்கள். வண்டி யார் பெயரில் இருந்தாலும் பரவாயில்லை, ஆர்.சி., நடப்பில் உள்ள இன்ஷூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் வேண்டும். இன்ஷூரன்ஸ் காலாவதியானது அன்று காலையில்தான் தெரிந்து திரும்புகிறவர்கள் உண்டு. முந்தின வாரமே தேதியைப் பாருங்கள்.

ஒன்று யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டரில் தேர்வு கொடுத்தால் கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ்தான் வரும். நாளைக்கு மோட்டார் பைக் ஓட்ட ஆசை இருந்தால் இப்போதே கியர் வண்டி வகையில் விண்ணப்பிப்பது லாபம், அதில் ஸ்கூட்டரும் அடங்கும். எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று கடையில் சொல்வது 250 வாட்டுக்கு மேற்படாத, 25 கி.மீ. வேகத்தைத் தாண்டாத சின்ன வண்டிகளுக்கு மட்டும்தான் பொருந்தும்.

உங்கள் வயதுக்கு லைசென்ஸ் 10 வருஷம் செல்லும். கார்டு தபாலில் வரும், ஆதாரில் ஏற்றிய பெங்களூர் முகவரிக்கே. கதவு எண், கிராஸ், மெயின் எல்லாம் அதில் முழுதாக இருக்கிறதா என்று முகவரி மாற்றும் நாளிலேயே பாருங்கள். கார்டு வரத் தாமதமானால் டிஜிலாக்கரில் உள்ளதைப் போலீஸிடம் காட்டலாம், அது செல்லும்.