பேரன் பெயரும் ஏழாம் நம்பரும்

கேள்வி: பென்ஷன், வங்கி, கேஸ், கரண்ட் பில், மெயில் என்று எனக்குப் பதினான்கு பாஸ்வேர்டுகள். வங்கித் தளம் அடிக்கடி மாற்றச் சொல்வதால், பேரன் பெயருக்குப் பின்னால் @1, @2 என்று போட்டு இப்போது @7-இல் நிற்கிறேன். எல்லாம் மளிகை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. "நோட்டில் எழுதலாமாம்மா?" என்று மகன் திட்டுகிறான். வேறு வழியே இல்லையா?

– ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி

பதில்: நோட்டுக்காகத் திட்டியது கொஞ்சம் அதிகம்தான். எங்கோ உட்கார்ந்து இணையத்தில் திருடுகிறவனுக்கு உங்கள் வீட்டு பீரோ எட்டாது. என்னை உறுத்துவது அந்த @7. @6 கசிந்தால் அடுத்தது என்னவென்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும்.

ஆனால் அது உங்கள் தப்பில்லை. பெரிய எழுத்து, எண், குறியீடு வேண்டும், அவ்வப்போது மாற்றவும் வேண்டும் என்ற அறிவுரையை 2003-இல் எழுதியவர் பில் பர், அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்துக்காரர். ஓய்வு பெற்றபின், 2017-இல், அதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாக அவரே சொல்லிவிட்டார். கசிந்ததற்கு அறிகுறி இல்லாமல் மாற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள் என்று அந்த நிறுவனமும் அதே ஆண்டு விதியைத் திருத்தியது. நம் தளங்கள் பலவற்றுக்குச் சேதி இன்னும் வந்து சேரவில்லை!

நானும் பட்டவன்தான். ஒரு தளம் "முதல் பள்ளியின் பெயர்?" என்று கேட்டது. ஊர்ப் பெயரோடு போட்டேனா, வெறும் பெயரா? மூன்று தடவை தப்பு, கணக்கு ஒரு நாள் பூட்டிக்கொண்டது.

சரி, வழிக்கு வருவோம். முதலில் மெயில். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' என்று தட்டினால் பெரும்பாலும் அங்கேதான் கடிதம் வருகிறது. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் 'பாஸ்கீ' (பாஸ்வேர்டுக்குப் பதில் உங்கள் போனே சாவியாகும் முறை) இருக்கும், மகனையே அமைத்துத் தரச் சொல்லுங்கள். அப்புறம் விரல் வைத்தால் போதும். பாஸ்கீயின் ரகசியம் தளத்திடம் இருக்காது, அங்கிருந்து திருட முடியாது, போலித் தளத்தில் அது வேலையும் செய்யாது.

பாஸ்கீ வராத இடங்களுக்கு பிட்வார்டன் மாதிரி ஒரு பாஸ்வேர்டு மேனேஜர், அதாவது எல்லா பாஸ்வேர்டுகளையும் பூட்டி வைக்கும் செயலி, இலவசமாகவே கிடைக்கிறது. அதைத் திறக்கும் ஒரே ஒரு பாஸ்வேர்டுதான் உங்கள் மனதில் நிற்க வேண்டும். புளியமரம், டிபன்பாக்ஸ், ஜன்னல், சைக்கிள் என்று ஒட்டுறவில்லாத நாலு வார்த்தை. (இதையே வைத்துவிடாதீர்கள், அச்சாகிவிட்டது.)

அதுவும் சிரமமென்றால் நோட்டே இருக்கட்டும், ஆனால் மளிகை நோட்டு வேண்டாம். அது கடைக்குப் போய்வருகிற நோட்டு.