மரம் முளைத்த உடல்: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

அறிவியல் புனைவு, மிகுபுனைவு நூல்களுக்கான ஹ்யூகோ விருதை 2025-இல் வாங்கிய நாவல் என்று நீங்கள் எழுதியிருந்ததால் ராபர்ட் ஜாக்சன் பென்னெட்டின் 'தி டெயின்டட் கப்' வாங்கிப் படித்தேன். விறுவிறுப்பாகத்தான் போனது. ஆனால் மனதுக்கு ஒப்பவில்லை. துப்பறியும் கதை என்றால் நானும் கூடவே யோசிக்க வேண்டும். மனித உடலுக்குள்ளிருந்து மரம் முளைக்கிற உலகத்தில் எதை வைத்து யோசிப்பது? ஆசிரியர் நினைத்ததெல்லாம் நடக்குமே. இது ஏமாற்று வேலை இல்லையா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

உங்கள் கேள்வி நியாயமானது. பாதிரியாரும் துப்பறியும் கதை எழுத்தாளருமான ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் இந்த வகைக் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். அமானுஷ்யம் கூடாது, உலகம் அறியாத விஷம் கூடாது என்பவை அவற்றில் இரண்டு. விஷம் பற்றிய விதியை இந்த நாவல் தொடக்கத்திலேயே மீறிவிடுகிறது.

ஆனால் அந்த விதி எதற்காக வந்தது? கடைசி அத்தியாயத்தில் ஆசிரியர் திடீரென்று ஒரு விஷத்தை எடுத்து நீட்டினால், அதுவரை யோசித்த வாசகர் முட்டாளாகிவிடுவார். இங்கே விஷமான அந்த மரம் முதல் அத்தியாயத்திலேயே, செத்துப்போன தளபதியின் உடலைப் பிளந்துகொண்டு நம் கண்முன் நிற்கிறது.

அப்புறம், அது மந்திரம் இல்லை, தாவரம். எப்படியோ உள்ளே போயிருக்க வேண்டும், வளர நேரம் எடுத்திருக்க வேண்டும். எந்த வழியாக, எப்போது, ஏன் அவருக்கு மட்டும்? கதையில் துப்பறிகிற அனா கேட்பதும் இதைத்தான். அவள் கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருப்பவள். கொலை நடந்த இடத்துக்குப் போகிறவன் அவளுடைய உதவியாளன் டின். வாசனைகளைத் துணையாகக் கொண்டு, பார்த்ததை அப்படியே நினைவில் பதித்துக்கொண்டு வந்து ஒப்பிக்கிறான். கதையைச் சொல்பவனும் அவனே. அவன் பார்த்தது நம் கையிலும் இருக்கிறது. இதைவிட நேர்மையாக ஒரு புதிரை எப்படி வைப்பது?

உயிரியல் எவ்வளவு விசித்திரமானாலும் அதற்கு ஒழுங்கு உண்டு. ஓபியோகார்டிசெப்ஸ் என்ற பூஞ்சை எறும்புக்குள் புகுந்தால், எறும்பு தன் கூட்டத்தை விட்டு விலகிப் போய், இலையின் நரம்பைக் கவ்வியபடி சாகிறது. பிறகு தலையிலிருந்து தண்டு முளைக்கிறது. கட்டுக்கதை போல இருந்தாலும், எங்கே ஏறும், எங்கே கடிக்கும் என்பதை ஆய்வாளர்கள் அளந்தே வைத்திருக்கிறார்கள். உங்கள் பக்கத்திலேயே பனையைச் சுற்றி வளைத்து நிற்கும் ஆலமரத்தைப் பார்த்திருப்பீர்கள். பறவையின் எச்சத்தோடு விழுந்த ஒரு சின்ன விதையின் வேலை அது. வேர் போன வழியைப் பார்த்தாலே நடந்ததைச் சொல்லிவிடலாம். பென்னெட் இந்த ஒழுங்கைத்தான் கதைக்குள் கொண்டுவந்திருக்கிறார்.

எனக்கு உறுத்தியது வேறு இடம். முடிவில் அனா நீளமாக விளக்குகிறாள். நீண்ட அறிவியல் விளக்கம் வேண்டியிருக்கும் கருவியும் கூடாது என்று நாக்ஸ் அதே விதியில் சொல்லியிருக்கிறார். அங்கே உங்கள் பக்கம்தான் நான்.

சரி, ஒன்று செய்யுங்கள். முதல் அத்தியாயத்தை மறுபடி எடுத்து, தளபதி செத்துக் கிடக்கும் மாளிகையில் டின் அறை அறையாக நடக்கும்போது, காற்றைக் குளிர்விக்க அங்கே வளர்த்திருக்கும் காளான்களைக் கவனியுங்கள். இதற்கு மேல் சொன்னால் இன்னும் படிக்காதவர்களுக்குக் கதை உடைந்துவிடும்.