காளையா, ஊசியா?

கேள்வி: பத்துப் பன்னிரண்டு கறவை மாடுகள் உள்ள பண்ணைக்குப் பழைய முறையில் சொந்தமாகக் காளை வைத்துச் சினைப்படுத்துவது நல்லதா, சினை ஊசி மாதிரியான நவீன முறைகள் நல்லதா?

இரண்டு முறையிலும் மாடு சினைப்படுத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த எண்ணிக்கைக்குக் காளை வாங்க வேண்டாம், காளையின் விந்தை மெல்லிய குழாய் வழியாகக் கருப்பையில் செலுத்தும் ஊசிக்கே போங்கள். ஆனால் அதுவரை காளை சத்தமில்லாமல் செய்துவந்த ஒரு வேலை இனிமேல் உங்கள் தலையில் விழும் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

மாடு சினைக்குத் தயாராகும் பருவத்தைக் கண்டுபிடிப்பதுதான் அந்த வேலை. காளையின் பெரிய பலமே அதன் மூக்குதான். மாட்டின் மூத்திரத்தை மோந்து, மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு தலையைத் தூக்கி நிற்கும் பாருங்கள், அந்தச் சோதனைக்கு ஈடாக நம்மிடம் எதுவும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பருவம் வந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். மாடு சராசரியாக 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், 18 முதல் 24 நாள் வரை முன்பின் ஆகலாம். அதில் இன்னொரு மாடு மேலே ஏறினால் நகராமல் நின்று கொடுக்கும் நேரம் அரை நாளோ கொஞ்சம் கூடவோதான், சில மாட்டில் அதைவிடவும் குறைவு. கத்துவது, தீனி குறைவது, பால் திடீரென்று இறங்குவது, வாலடியில் கண்ணாடி மாதிரி கோழை தொங்குவது என்று அடையாளங்கள் இருக்கின்றன, ஆனால் ஊமைப் பருவம் வரும் மாடு இதில் எதையும் காட்டாது. காலையில் நின்று கொடுத்தால் அன்று மாலையும், மாலையில் நின்று கொடுத்தால் மறுநாள் காலையும் ஊசி என்ற பழைய கணக்கு இன்றும் செல்லும். நின்று கொடுப்பது முடிந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டை வெளியே வருகிறது, அதற்குள் விந்தணு உள்ளே போய்த் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஊசியில் சினை நிற்கவில்லை என்று புலம்புபவர்களில் பலருக்கு, கேட்டுப் பார்த்தால் கோளாறு ஊசியில் இருக்காது, போட்ட நேரத்தில் இருக்கும்.

போடுகிற விதத்திலும் கொஞ்சம் கண் வையுங்கள். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கிற குச்சியை, அதாவது உறைந்த விந்து அடைத்த மெல்லிய குழலை எடுத்து, 35 முதல் 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடத்துக்கு மேல் வைத்து உருக்கி, ஈரம் துடைத்து, ஆறவிடாமல் போட வேண்டும். குச்சியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே கதை பேசுகிறவராக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

அப்படியானால் காளையை ஏன் வேண்டாம் என்கிறேன்? தீவனச் செலவும், ஆளை முட்டும் ஆபத்தும் எல்லோருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாதது வேறு. இன்று வாங்கும் காளைக்குப் பிறக்கும் கிடேரி இரண்டு வருடத்துக்குள் பருவத்துக்கு வந்துவிடும், காளையோ அதே கொட்டகையில்தான் நிற்கும். அப்பனுக்கே மகளை விட்டால் கன்று நோஞ்சானாகும், சினை பிடிப்பதும் குறையும். அதனால் இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை காளையை மாற்றியே ஆக வேண்டும், ஆனால் அதன் மகள்கள் எவ்வளவு கறக்கும் என்று தெரியவே நான்கைந்து வருடம் ஆகும். காளை நல்லதா கெட்டதா என்று தெரிய வரும்போது அது உங்களிடம் இருக்காது.

பழைய முறையின் உண்மையான சிக்கல் இதுதான் என்பது என் எண்ணம். அந்தக் காலத்து ஆட்களுக்குக் கண் இல்லை என்று சொல்ல மாட்டேன், மடி அமைப்பு, கால், குணம் எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் இத்தனை இனங்களை உருவாக்கினார்கள். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ராபர்ட் பேக்வெல் என்ற பண்ணைக்காரர் அதையே ஒழுங்காகக் கணக்கு வைத்துச் செய்தார், நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே சேர்த்து நீளக்கொம்பு மாடுகளைச் சீக்கிரம் சதை வைக்கும்படி மாற்றினார். சதை வந்தது, பால் குறைந்தது. ஒன்றை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இன்னொன்று கையை விட்டுப் போகும்.

நவீன முறைக்கும் இதே நோய் உண்டு, அளவுதான் பெரிது. ஒரு தடவை எடுத்த விந்திலிருந்து சில நூறு குச்சிகள் தயாராகும், உறைய வைத்தால் காளை செத்த பிறகும் பல பத்தாண்டுகள் பயன்படும். 1962-இல் அமெரிக்காவில் பிறந்த 'சீஃப்' என்ற ஹோல்ஸ்டீன் பால் இனக் காளைக்கு 16,000-க்கும் அதிகமான மகள்கள். பால் மரபு அபாரம். ஆனால் கருவிலேயே கன்றைக் கொல்லும் ஒரு மரபணுக் குறையும் அதனிடம் இருந்தது, அந்தக் குறையைச் சுமக்கும் இரண்டு சேர்ந்தால் நாலில் ஒரு கரு பிழைக்காது. உலகம் முழுக்க சுமார் 5 லட்சம் கருக்கள் இதனால் கலைந்திருக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள். மாடு திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருகிறதே என்று எத்தனை பேர் தீவனத்தைக் குறை சொல்லியிருப்பார்களோ! அந்தக் குறையைக் கண்டுபிடித்ததும் மரபணுப் பரிசோதனைதான், அதையும் சொல்லியாக வேண்டும். 2009-இலிருந்து அமெரிக்காவில் காளைகளை அப்படித்தான் மதிப்பிடுகிறார்கள். கன்றின் காதுத் திசுவோ வால்முடியோ போதும், மகள்கள் கறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பாலினம் பிரித்த விந்து பற்றியும் கேட்பீர்கள். நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரிதான், ஆனால் விலை கூட, சினை பிடிப்பது கொஞ்சம் குறைவு. அதனால் நன்றாகப் பருவம் காட்டும் இளம் கிடேரிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாட்டின் கருவை இன்னொரு மாட்டின் கருப்பையில் வைக்கும் கருமாற்று முறையெல்லாம் உங்கள் அளவுக்குத் தேவையில்லை. அப்புறம், குச்சி வாங்கும்போது பாலை மட்டும் பார்க்காமல், அந்தக் காளையின் கன்றுகள் சுலபமாக ஈனப்படுகின்றனவா என்று கேளுங்கள். சின்ன உடம்புத் தலையீற்றுக் கிடேரிக்குப் பெரிய இனத்துக் காளையின் ஊசியைப் போட்டுவிட்டு, ஈனும்போது இரண்டு பேர் கயிறு போட்டு இழுப்பதை ஒருமுறை பார்த்தால் போதும். காளையின் பெயர், எண், ஊசி போட்ட தேதி மூன்றையும் எழுதி வைக்காவிட்டால், அடுத்த தலைமுறையில் அதே காளையின் குச்சியை அதன் மகளுக்கே போடுவீர்கள், பிறகு ஊசிக்கும் சொந்தக் காளைக்கும் வித்தியாசம் இல்லை.

மூன்று ஊசி போட்டும் நிற்காத மாட்டைக் காளைக்கு விட்டால் நின்றுவிடும் என்பார்கள். சில சமயம் உண்மைதான், காளை அந்தப் பருவத்துக்குள் பலமுறை சேரும், நேரக்கணக்குத் தப்பாது. ஆனால் முதலில் மருத்துவரை அழைத்துக் கருப்பையைப் பாருங்கள். பல கொட்டகை ஏறி இறங்கிய காளை புருசெல்லோசிஸையோ, ட்ரைக்கோமோனாஸ், விப்ரியோ மாதிரி சினை கலைக்கும் தொற்றையோ கொண்டுவரலாம், காளையைப் பார்த்தால் பெரும்பாலும் அறிகுறி தெரியாது. பரிசோதனைச் சீட்டு இல்லாத காளை என்றால், மாடு இன்னும் ஒரு 21 நாள் சும்மா நிற்கட்டும்.